ஒகுமாக் என்ற சொல்லும் துர்முஷின் கதவும்

ஒகுமாக் என்ற ஒரே ஒரு வினைச்சொல்லுக்குப் பேராசிரியர் ரெஃபிக் பத்தொன்பது வருடங்களைக் கொடுத்திருந்தார். பதிலுக்கு அந்தச் சொல் அவருக்கு அங்காராவில் ஒரு நாற்காலியையும், அவரைக் கண்டதும் எழுந்து நிற்க நான்கு பேரையும் கொடுத்திருந்தது. அந்த நான்கு உதவியாளர்களில் மூத்தவன் நான். வயது நாற்பத்தெட்டு. ஒவ்வொரு ஜூலையிலும் அவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஜூலை வரை எனக்கு வேலை.

ஒகுமாக் என்றால் படிப்பது என்று எங்கள் நாட்டில் எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். பேராசிரியருக்கு அது போதாது. பாலைவன மணலிலிருந்து தோண்டியெடுத்த ஏடுகளை வைத்து அவர் காலத்தில் பின்னோக்கிப் போனார். அந்தச் சொல்லின் முதல் வேலை படிப்பதல்ல, கூப்பிடுவது. ஆளைப் பெயர் சொல்லி உரக்க அழைப்பது. பிறகு எழுதியதை உரக்கச் சொன்னார்கள், அதற்கும் அதே சொல். வேதம் ஓதினார்கள், காய்ச்சல்காரன் நெற்றியில் ஓதி ஊதினார்கள், பாட்டுப் பாடினார்கள், எதிரியைக் களத்துக்கு அழைத்தார்கள், சாபமிட்டார்கள், கடைசியில் பள்ளிக்கூடம் போனார்கள். அத்தனை வேலையும் அந்த ஒரு சொல்லின் தலையில் விழுந்தது. ஆனால் ஆளைக் கூப்பிடும் ஆதிப்பொருள் மட்டும் செத்துவிட்டதாகப் பேராசிரியர் ஒரு கட்டுரையில் மரணச் சான்றிதழே எழுதியிருந்தார்.

"எங்க ஊர்ல அது இன்னும் உயிரோடதான் சார் இருக்கு" என்று சொன்னவன் நான். ஜூன் மாதம். ஜூலை நெருங்கும்போது மனிதனுக்கு நாக்கு கொஞ்சம் நீண்டுவிடும்.

யோஸ்காத் பக்கம் எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு அச்சடித்த அழைப்பிதழ் வைத்தால் அடுப்புப் பற்றவைக்கத்தான் எடுப்பார்கள். அழைப்பதற்கென்று ஒரு பெண் இருக்கிறாள். பெயர் எல்மாஸ். ஐம்பத்தைந்து வயது விதவை. ஒவ்வொரு கதவாகத் தட்டி, வீட்டுக்காரன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு கைக்குட்டையோ சோப்போ கொடுத்துவிட்டு வருவாள். வீடு பூட்டியிருந்தால் கதவு வளையத்தில் கைக்குட்டையைக் கட்டிவிட வேண்டும். இந்தக் கூப்பிடுதலுக்குத்தான் ஒகுமாக் என்று பெயர். கூப்பிட்ட வீடு வந்தே ஆகவேண்டும், கூப்பிடாத வீடு வரக்கூடாது. கூப்பிட்டுவிட்டு வராதே என்று சொல்ல எங்களிடம் வழக்கமும் இல்லை, அதற்கொரு ஆளும் இல்லை.

அந்த ஜூன் மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை குலிசாரின் மகள் செவிலுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு அப்பா இல்லை. பதினாறு வருடத்துக்கு முன் வயலுக்குத் தண்ணீர் திருப்பும் முறையில் தகராறு வந்து, ஊர்க்கோடி வீட்டுத் துர்முஷ் மண்வெட்டியால் அடித்ததில் என் தங்கை புருஷன் ஹிதிர் வாய்க்காலிலேயே விழுந்து செத்தான். துர்முஷ் சிறைக்குப் போனான். ஹிதிரின் மகன் துன்ஜாய்க்கு அப்போது ஏழு வயது. இப்போது இருபத்துமூன்று. ராணுவச் சேவை முடித்துத் திரும்பியதும் முதல் வேலையாக ஒரு துப்பாக்கி வாங்கினான். எதற்கு என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. கேட்டால் நாளைக்குக் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும்.

பேராசிரியர் புதன்கிழமை தன் காரில், ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து இறங்கினார். அதற்குள் எல்மாஸ் ஊர் முழுக்க அழைத்து முடித்திருந்தாள்.

"ஒரே ஒரு தடவ சொல்லிக் காட்டுங்க, போதும்" என்றார் பேராசிரியர்.

"சொல்லிக் காட்டுறதுக்கு இது என்ன பாட்டா? கூப்பிட ஒரு ஆளு வேணும், ஒரு கல்யாணம் வேணும்."

"கல்யாணம்தான் இருக்கே."

"எல்லாரையும் கூப்பிட்டாச்சு. அதே வீட்டுக்கு மறுபடி போய் நின்னா, அப்ப முதல்ல கூப்பிட்டது பொய்யான்னு கேப்பாங்க."

"அப்ப ஆளில்லாத வீடாப் பாருங்க. கோழி, குழந்தை எதுவும் கத்தாம சுத்தமாப் பதிவாகும்."

எல்மாஸ் என்னைப் பார்த்தாள். "சித்கி தம்பி, உங்க புரொபசருக்கு வெயில் ஒத்துக்கலையோ?"

வீட்டைத் தேர்ந்தெடுத்தவர் பேராசிரியர்தான். ஊர்க்கோடியில் பழைய வாதுமை மரக் கதவு, இரும்பு வளையம், புகைப்படத்துக்கும் ஆகும். எல்மாஸ் பத்தடி முன்னாலேயே நின்றுவிட்டாள்.

"இது வேணாம்."

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"கிழவி பிப்ரவரியில போய்ச் சேந்துட்டா. மகன் ஜெயில்ல. யாரும் இல்ல. இருந்தாலும் வேணாம்."

"அம்மா, இது ஆராய்ச்சி. இது கணக்குல சேராது."

"யாரு கணக்குல?"

பேராசிரியர் கருவியின் பொத்தானை அமுக்கினார். பத்தொன்பது வருட ஆராய்ச்சியில் அவருக்கு வந்த ஒரே நல்ல கேள்வி அது. நானாவது வாயைத் திறந்திருக்கலாம். கையெழுத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. காலி வீடுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எல்மாஸ் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு போய் வளையத்தை மூன்று முறை தட்டினாள். முப்பது வருடப் பழக்கம். அதற்கு மாதிரி எது, நிஜம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

"துர்முஷ், ஞாயித்துக்கிழமை குலிசார் வீட்டுக் கல்யாணம். உன்னைக் கூப்பிடுறாங்க. வா."

அப்புறம் அவள் கை தானாகவே மடியைத் துழாவி, மீதியிருந்த ஒரு பூப்போட்ட கைக்குட்டையை எடுத்து வளையத்தில் கட்டியது.

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "ஆயிரத்து இருநூறு வருஷம், சித்கி" என்றார். "இது என் புத்தகத்துக்கு ஏழாவது அத்தியாயம். உன் கையெழுத்தைப் பத்திக் கவலைப்படாதே."

மறுநாள் காலை எல்மாஸ் என்னைத் தேடி வந்தாள். முகத்தில் ரத்தமில்லை.

"தம்பி, கைக்குட்டையக் காணோம்."

"காத்துல போயிருக்கும்."

"காத்து முடிச்ச அவுத்துட்டுப் புகையும் விடுமா? அந்த வீட்டுப் புகைபோக்கியில புகை வருது."

துர்முஷுக்குத் தண்டனை குறைந்திருந்தது. செவ்வாய்க்கிழமையே யார் கண்ணிலும் படாமல் தோட்டத்து வழியாக வந்து வீட்டுக்குள் புகுந்திருக்கிறான். எல்மாஸ் கூப்பிட்டபோது கதவுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தான்.

நான் போனேன். என் கால்கள் அந்த வாசலைப் பதினாறு வருடமாகச் சுற்றிக்கொண்டு போய்ப் பழகியவை, உள்ளே வைப்பதற்கே இரண்டு முறை முயல வேண்டியிருந்தது. என்னைவிட மூன்று வயது இளையவன், கிழவனாகியிருந்தான். கைக்குட்டையை மேசைமேல் விரித்துச் சுருக்கம் போக உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தான்.

"உக்காருங்க சித்கி அண்ணே. டீ போடட்டா?"

"டீ வேணாம். துர்முஷ், அது ஒரு தப்பு. ஒரு பதிவுக்காக, ஒரு புரொபசருக்காக எல்மாஸ் சும்மா கூப்பிட்டா."

"சும்மாவா?"

"வீடு காலின்னு நெனச்சு."

அவன் கைக்குட்டையை நீவிக்கொண்டே பேசினான். "ஜெயில்ல காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ பேர் கூப்பிடுவாங்க அண்ணே. இருக்கேன்னு சொல்லணும். பதினாறு வருஷம் அப்படித்தான் என் பேரைக் கேட்டேன். அன்னைக்கு என் சொந்தக் கதவுல என் பேரு கேட்டுது. குலிசார் பேரும் சேந்து கேட்டுது. மன்னிச்சுட்டாங்களோ, இல்ல கொல்லப் போறாங்களோன்னு நெனச்சேன். எதுவா இருந்தாலும் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

"வந்தா அந்தப் பையன் உன்னைச் சுட்டுடுவான்."

"தெரியும்."

"உனக்குத் தெரியும், சரி. அவன் வாழ்க்கை? கல்யாண வாசல்லயே விலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போவாங்க. நீ உக்காந்திருந்த எடத்துல அவன் போய் உக்காரணுமா?"

முதல்முறையாக அவன் கை நின்றது. "அப்ப குலிசார் வந்து சொல்லட்டும். அவங்க வாயால, நான் கூப்பிடலன்னு. அவங்க கையில இதக் குடுத்துட்டு இந்த ஊரை விட்டே போயிடுறேன். நடுவுல வந்து நீங்க சொன்னீங்கன்னு நான் வராம இருந்தா, கூப்பிட்டும் வரலன்னு ஆயிடும். அவங்களுக்கு நான் செஞ்சது ஒன்னு போதும். ரெண்டாவது அவமரியாதை வேணாம்."

குலிசாரிடம் எப்படிச் சொல்வது என்று வெள்ளிக்கிழமை மதியம் வரை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பேராசிரியர் என் சுமையைக் குறைத்துவிட்டார்.

தொழுகை முடிந்து ஊர் ஆண்கள் எல்லாரும் டீக்கடையில் இருந்தார்கள். நான் உள்ளே நுழையும்போது அவர் நின்றபடி பேசிக்கொண்டிருந்தார். "நீங்க ஒரு பொக்கிஷத்து மேல உக்காந்திருக்கீங்க, உங்களுக்கே தெரியாது" என்றார். மணல், ஏடு, கூப்பிடுதல், ஓதுதல் என்று எட்டாம் நூற்றாண்டிலிருந்து நடந்து வந்தார். சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் மரியாதைக்கு ஒரு கண்ணை மட்டும் அவருக்குக் கொடுத்திருந்தார்கள். "இதோ, உங்க காதாலேயே கேளுங்க" என்று பொத்தானை அமுக்கினார்.

"துர்முஷ், ஞாயித்துக்கிழமை குலிசார் வீட்டுக் கல்யாணம்..."

சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்த கரண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. யாரோ சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார்கள். பேராசிரியர் அந்த மௌனத்தை வியப்பு என்று எடுத்துக்கொண்டார். முகம் மலர, "இன்னொரு தடவ போடுறேன்" என்று போடவும் செய்தார். மூலையில் துன்ஜாய் எழுந்தான். டீக்குக் காசு வைத்துவிட்டு என்னைக் கடந்து வெளியே போனான்.

தெருவில் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"மாமா, அவன் வந்திருக்கானா?"

"டேய், இது ஒரு முட்டாள்தனம். அம்மா கூப்பிடல. யாருமே கூப்பிடல."

"வருவானா?"

பொய் சொல்லியிருக்கலாம். என் வாய் சரியான நேரத்தில் எதையும் செய்து பழகவில்லை. "வருவேங்கிறான்."

"வரட்டும்" என்றான். அவ்வளவுதான். குரலில் கோபம்கூட இல்லை. பல வருடம் காத்திருந்த பஸ் வருகிறது என்று கேள்விப்பட்டவனைப் போலச் சொன்னான்.

பேராசிரியரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு தடவை துர்முஷிடம் வாருங்கள், தவறு உங்களுடையது என்று சொல்லுங்கள், குலிசாரிடமும் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். "நான் பார்வையாளன், சித்கி. பார்வையாளன் தலையிட்டா தரவு கெட்டுப்போகும்." சனிக்கிழமை விடியும்போது அங்காராவில் அவருக்கு அவசர வேலை வந்துவிட்டது. கார் புழுதி அடங்குவதற்குள் ஊரிலிருந்த ஒரே பார்வையாளரும் போய்விட்டார்.

காவல் சாவடிக்குப் போனேன். சார்ஜெண்ட் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"என்னன்னு எழுதட்டும்? கல்யாணத்துக்குக் கூப்பிட்ட ஆளு கல்யாணத்துக்கு வரப்போறாருன்னா?"

"பையன்கிட்ட துப்பாக்கி இருக்கு."

"உங்க ஊர்க் கல்யாணத்துல துப்பாக்கி இல்லாதவன் யாருன்னு சொல்லுங்க, அவனைப் பிடிக்கிறேன்."

ஆள் அனுப்ப முடியுமா என்றேன். ஞாயிற்றுக்கிழமை மாவட்டத்தில் பதினொரு கல்யாணம் என்றார்.

குலிசார் பின்கட்டில் பெண்களோடு ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள்.

"எல்லாம் தெரியும் அண்ணே. ஊரே கேட்டதுக்கு நான் மட்டும் செவிடா?"

"ஒரு தடவ வா, குலிசார். அவன் வாசல்ல நின்னு, நான் கூப்பிடலன்னு ஒரு வார்த்தை. அவன் கைக்குட்டையத் திருப்பித் தந்துட்டு ஊரை விட்டே போயிடுவான். பையன் பிழைச்சுப்பான்."

"பதினாறு வருஷமா அந்தப் பேரு என் வாய்க்குள்ள வரல. அவன் முன்னால நின்னு பேசச் சொல்றியா?"

"துன்ஜாய்க்காக."

அவள் கட்டையை வைத்தாள். மாவுக் கையால் நெற்றியைத் துடைத்ததில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. "ஏழு வயசுலேருந்து அவனுக்கு நான்தான் சொல்லிச் சொல்லி வளத்தேன் அண்ணே. சோறு போடுறப்ப சொன்னேன், தலை சீவுறப்ப சொன்னேன். உங்கப்பனைக் கொன்னவன் ஒருநாள் வருவான்னு. ஆயிரம் தடவ சொன்னத இப்ப யாரு கதவுல போய்த் திருப்பி வாங்குறது? துர்முஷ் கைக்குட்டையத் தருவான். என் மகன் எதைத் தருவான்?"

அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்துவிட்டதை இருவருமே கவனித்தோம். அவள் மறுபடி கட்டையை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலையிலிருந்து துன்ஜாயின் நிழலாக ஒட்டிக்கொண்டேன். புதுக் கோட்டின் வலது பக்கம் கனத்துத் தொங்கியது.

"கக்கூசுக்குப் போறேன் மாமா. அங்கயும் வர்றியா?"

"வர்றேன்."

"உள்ள ஒருத்தருக்குத்தான் எடம்."

"நான் சின்ன ஆளு."

சிரித்தான். சின்ன வயதில் சிரித்த அதே சிரிப்பு. கோட்டைக் கழற்றிக் கொடு, கறை இருக்கிறது, துடைக்கிறேன் என்றேன். கொடுக்கவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதும் பார்த்தேன். என் தலையைத் தடவிக்கொடுத்தான், பெரியவன் மாதிரி.

அவனை எங்கேயும் அனுப்பவும் முடியாது. பெண் வீட்டை விட்டுக் கிளம்புமுன் அவள் இடுப்பில் சிவப்புக் கச்சையை அப்பன் கட்ட வேண்டும். அப்பன் இல்லாததால் அண்ணன். இரண்டு முறை சுற்றி எடுத்துவிட்டு மூன்றாம் முறை முடிச்சுப் போட வேண்டும். மதியம், மாப்பிள்ளை வீட்டார் வரும் சத்தம் தூரத்தில் கேட்டதும் செவில் அறை நடுவில் வந்து நின்றாள். துன்ஜாய் ஒரு முறை சுற்றி எடுத்தான். இரண்டாம் முறை சுற்றிக்கொண்டிருக்கும்போது முற்றத்தில் மேளம் நின்றது.

ஜன்னல் வழியே எல்லாரும் பார்த்தோம். வாசலுக்கு வெளியே தெரு இரண்டாகப் பிளந்து வழிவிட்டிருந்தது. துர்முஷ் வந்துகொண்டிருந்தான். பதினாறு வருடத்துக்கு முந்தைய கோட்டு, அதற்குள் பாதி ஆள். கூப்பிட்ட வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்று தாயின் செம்புப் பாத்திரம் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தான். வாசற்படியில் நின்றான். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

துன்ஜாய் கையில் கச்சையோடு வெளியே நடந்தான். நான் அவன் முன்னால் பாய்ந்து மார்பைக் காட்டி நின்றேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நான் செய்தது, அவன் கையை இறுகப் பிடித்ததுதான். அதுவும் இடது கை, கச்சை இருந்த கை. வலது கை கோட்டுக்குள் போய்த் துப்பாக்கியோடு வெளியே வந்துவிட்டது.

குலிசார் வாசலில் இருந்தாள். துர்முஷ் பொட்டலத்தை அவள் கையில் கொடுக்கத் துணியாமல் காலடியில் வைத்தான்.

"கூப்பிட்டீங்க. வந்தேன்."

அவள் அவனைப் பார்த்தபடியே நின்றாள். கடைசியில் குனிந்து அந்தப் பாத்திரத்தை எடுத்தாள்.

"வந்துட்ட" என்றாள். "பாத்தாச்சு. போ."

துர்முஷ் தலையாட்டிவிட்டுத் திரும்பினான். முதுகு முழுவதும் எங்களுக்குத் தெரிந்தது. அகலமான, காலியான முதுகு. என் பிடியிலிருந்த கை கல்லாக இறுகியது.

"துன்ஜாய்" என்று கூப்பிட்டாள் குலிசார். திரும்பிப் பார்க்காமல், உரக்க, பெயரை மட்டும்.

அந்த நொடியில் வெடித்தது. ஒன்று, இரண்டு, அப்புறம் எண்ண முடியாதபடி. நான் தரையில் கிடந்தேன். எப்போது விழுந்தேன் என்று தெரியாது. வாயில் மண். செத்துவிட்டான், இவனும் போய்விட்டான், என் ஜூலைக்காக இருவரும் போனார்கள் என்று அந்த மண்ணிடமே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தலையைத் தூக்கினேன். தெருமுனையில் மாப்பிள்ளை வீட்டார் கார்களிலிருந்து இறங்கி, சந்தோஷத்துக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். துர்முஷ் தெரு நடுவில் அசையாமல், முதுகைக் காட்டியபடியே காத்துக்கொண்டு நின்றான். சத்தம் ஓய்ந்தது. அவன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான், எங்களுக்கு அவகாசம் கொடுப்பவனைப் போல. பிறகு ஓரமாக ஒதுங்கி, கார்களுக்கு வழிவிட்டு நடந்தான்.

துன்ஜாய் நின்ற இடத்திலேயே நின்றிருந்தான். துப்பாக்கி நீட்டியபடியே இருந்தது. அதிலிருந்து புகை வரவில்லை.

"மாமா" என்றான். "கை வரமாட்டேங்குது."

"என்னடா?"

"தெறக்க வரல. எடுத்து விடு."

எழுந்து போனேன். அவன் விரல்கள் குளிர்ந்து விறைத்திருந்தன. முதலில் சுட்டுவிரலை, மூச்சைப் பிடித்துக்கொண்டு, விசையைச் சுற்றிய அந்த வளையத்திலிருந்து மெல்ல வெளியே எடுத்தேன். அப்புறம் நடுவிரல். மோதிர விரலைப் பிரித்து அடுத்ததற்குப் போவதற்குள் அது மறுபடி மடங்கிக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டு மேளம் வாசலைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. அறைக்குள்ளிருந்து செவில், கச்சையில்லாத இடுப்போடு, யாராவது வந்து கட்டுங்களேன் என்று அழுதுகொண்டிருந்தாள்.

"சீக்கிரம், மாமா" என்றான் துன்ஜாய்.

"அவசரப்படாதே" என்றேன். சுண்டுவிரலிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.